சாக்குக்குள் இருந்த சூடு

சகாயராணி என்ற பெயரை நான் முதலில் கேட்டது கரையாம்புத்தூரில், சாமிநாதன் நிலத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது. இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கும். அந்தப் பட்டத்துக்கு அவர் ஊறப்போட்ட விதைநெல் இரண்டு தடவை சாக்கிலேயே வெந்து வீணாகிவிட்டது. நெல்லை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, கோணிச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, மேலே கல் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் உள்ளே சூடு ஏறி முளை விடும். சூடு வராவிட்டால் முளைக்காது. மிஞ்சினால் வெந்துபோகும். அரியூரில் ஒரு அம்மாள் இந்த வேலைக்குப் பேர்போனவள். அவளைக் கூட்டிவரப் போன ஆள், அவள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று திரும்பி வந்து சொன்னான்.

"அப்போ பொண்ணு வரட்டும். சகாயராணிய அனுப்பச் சொல்லு" என்றார் சாமிநாதன்.

"ராணியே வர்றாங்களாம், வரப்புல பாய் விரிங்கடி" என்று நாற்றங்கால் சமன்செய்ய வந்திருந்த எங்களில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் வந்தது பதினெட்டு வயசுப் பெண். ஒல்லி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. மூன்றாவது தடவை கட்டிய சாக்கின் வாயை அவிழ்க்காமல், ஓரத்துத் தையலைக் கொஞ்சம் பிரித்து முழங்கை வரை கையை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "சூடு வந்துடுச்சு, உயிர் இருக்குது" என்று சொல்லி, மேலே இருந்த கல்லில் இரண்டை எடுத்துக் கீழே வைத்தாள். அந்த நெல் ஒரு மணி விடாமல் முளைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் என் சித்தப்பா மகள் காசம்மாளிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். காசம்மாள் தன் மகன் அய்யனாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டார் வேதக்காரர்கள் என்று சொன்னேன். "சாமி எதுவா இருந்தா இன்னா, கை நல்ல கையா இருந்தா சரி" என்றாள். மாதா கோயிலில் ஒரு தடவை, எங்கள் அம்மன் கோயிலில் ஒரு தடவை என்று இரண்டு தாலி ஆனது. அய்யனாருக்கு நான் பெரியம்மா முறை. அதனால் சகாயராணிக்கு நான் அத்தை.

எங்கள் ஊர் பாகூரிலிருந்து கிழக்கே, கடலுக்கு அரை மைல் உள்ளே. கடல் பக்கத்தில்தான் என்று பெயர், ஆனால் எங்கள் தெருவில் பிறந்தவர்கள் கடலில் கால் நனைப்பது மாசி மகத்துக்கு மட்டும். கரையில் இருப்பது ஓடைக்குப்பம், அது மீன்பிடிக்கிறவர்கள் ஊர். நாங்கள் கழனி வேலைக்காரர்கள். அவர்கள் மீன் விற்க எங்கள் தெருவுக்கு வருவார்கள், நாங்கள் அங்கே போக வேலை கிடையாது.

கல்யாணமாகி வந்த பிறகு பாகூர் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் விதை ஊறப்போட்டாலும் சகாயராணிக்கு ஆள் வரும். பிறகு நடவுக்கு மெஷின் வந்தது. மெஷினுக்குத் தட்டில் வளர்த்த நாற்றுதான் ஆகும், அது வேனில் வந்து இறங்கியது. சாக்கு கட்ட ஆள் தேவைப்படவில்லை. அவளுக்கு ஒரே மகள், புவனேஸ்வரி. அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அய்யனார் லோடு தூக்கப் போனான், முதுகு போனது, வீட்டோடு இருந்தான். நூறு நாள் வேலை வந்தால் சகாயராணி மண் அள்ளுவாள். இல்லாத நாளில் சும்மா இருப்பாள். சும்மா இருக்கத் தெரியாதவள் சும்மா இருப்பதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

புதுச்சேரியைப் பெரிய புயல் அடித்த வருஷம் தை மாதத்தில் கலைவேந்தன் என்ற பையன் கடல்பாசி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்தான். ஒரு திட்டம், ஆறு பெண்கள் சேர்ந்தால் மூங்கில் தெப்பமும் கயிறும் விதைப்பாசியும் தருவார்கள். முதலில் குப்பத்தில்தான் கேட்டான். அங்கே பெண்களுக்கு மீன் வியாபாரம் இருக்கிறது, யாரும் வரவில்லை. பிறகுதான் எங்கள் தெருவுக்கு வந்தான். சகாயராணி உடனே சரி என்றாள். மற்ற ஐந்து பேரையும் வீடு வீடாகப் போய் அவள்தான் சேர்த்தாள். அவர்களில் ஒருத்தியான தையலம்மாளின் வீட்டுக்காரன், பொம்பளை கடலில் இறங்குவதா என்று கத்தினான். "இடுப்பளவு தண்ணிதாண்ணா, நம்ம ஏரியில இறங்கலியா" என்று சொல்லி அவன் வாயை அடைத்தாள்.

கடலில் இடம் குப்பத்துப் பஞ்சாயத்து கொடுக்க வேண்டும். கரை அரிக்காமலிருக்கப் பெரிய பெரிய பாறாங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருந்தார்கள், தூண்டில் வளைவு என்று அதற்குப் பெயர். அதற்குத் தெற்கே தண்ணீர் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். அந்த இடத்தைத்தான் கேட்டார்கள். குப்பத்தார் ஒரு நிபந்தனை போட்டுக் கொடுத்தார்கள். பாசி இருக்கிற வரைக்கும் இடம் உங்களுடையது. பொங்கல் சமயத்தில் ஒரு தெப்பமாவது பாசியோடு தண்ணீரில் கிடக்க வேண்டும், காலியாக இருந்தால் படகு கட்ட எடுத்துக்கொள்வோம். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

பயிற்சியில் கலைவேந்தன் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாறையில் தானாக வருகிற பாசியெல்லாம் வித்து விடும். கண்ணுக்குத் தெரியாத பொடி, தண்ணீரில் மிதந்துபோய் எங்காவது ஒட்டிக்கொண்டு முளைக்கும். நாம் வளர்க்கப்போகிற பாசி அப்படியில்லை. கடல் கடந்து எங்கிருந்தோ ஒரு பிடி கொண்டுவந்து, வெட்டி, கட்டி, மறுபடி வெட்டி, கட்டிப் பெருக்கியது. நம் பக்கத்துக் கயிற்றில் அது வித்து விட்டு முளைப்பதில்லை. கிள்ளிய துண்டுதான் விதை. நாற்பத்தைந்து நாளில் வளர்ந்ததை அறுத்து, நாலில் ஒரு பங்கை மறுபடி கயிற்றில் கட்ட வேண்டும், மீதியைக் காயவைத்துக் கம்பெனிக்காரர்களுக்கு விற்கலாம்.

"அப்போ இருக்கறதெல்லாம் ஒரே செடிதானா தம்பி?" என்று கேட்டாள் சகாயராணி.

"அப்படித்தாங்க்கா."

"ஒண்ணுக்கு ஆகாதது எதுக்கும் ஆகாது."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆமாங்க்கா" என்றான்.

விதைப்பாசி ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து வண்டியில் வந்தது. கோணிச் சாக்கில், சொட்டச் சொட்ட நனைந்து. அதை இறக்கும்போது சகாயராணி முகத்தைப் பார்க்க வேண்டும். சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வேலைதான்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

குப்பத்து ஆண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குமரவேல் என்று ஒரு பையன், சொந்த ஃபைபர் படகு வைத்திருப்பவன், நாக்கு நீளம். "யக்கா, ஏரு மாடு எப்ப வரும்? கடல உழுதுட்டுக் கட்டுங்க" என்றான். தையலம்மாள் விடுவாளா. "நீ ஒருத்தன் போதாதா, உன்னையே பூட்டி ஓட்டறோம் வாடா" என்றாள். அன்றிலிருந்து தெப்பம் தள்ளவும் நங்கூரம் போடவும் அவன்தான் கூட வந்தான்.

பாசி வளர்ந்தது. பழுப்பும் பச்சையுமாக, கைவிரல் போலக் கிளை கிளையாக, தொட்டால் ரப்பர் மாதிரி. மூங்கில் சட்டத்தில் வரிசையாகக் கயிறு, கயிற்றில் ஒரு சாண் விட்டு ஒரு துண்டு, அடியில் மீன் கடிக்காமலிருக்க வலை. இடுப்புத் தண்ணீரில் நின்று, கயிற்றில் ஒட்டுகிற அழுக்கைத் தினம் உருவிவிட வேண்டும். சகாயராணி அதை நாற்றங்காலில் களை எடுப்பதுபோல எடுத்தாள். முதல் அறுப்பில் விதைக்கு ஒதுக்கியபோது, தடித்துக் கொழுத்த துண்டை மற்றவர்கள் எடுக்க, இவள் நுனிக் கொழுந்தாகப் பார்த்துப் பொறுக்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கலைவேந்தன் அதைப் பார்த்து, அதுதான் சரி என்றான்.

சித்திரையில் கடல் சுட்டது. பொய்யில்லை, மதியம் தண்ணீரில் கால் வைத்தால் துணி அலசிய வெந்நீர் மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாகப் படகில் போகிற கிழவர்களே இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். ஒரு நாள் காலையில் பாசி நுனியெல்லாம் வெள்ளை. தொட்டால் ஒடிந்தது. சூட்டில் வருகிற வெள்ளை நோய் என்று கலைவேந்தன் போனில் சொன்னான். ஒரே செடிதானே, ஒரு தெப்பத்தில் வந்தது அடுத்ததுக்குப் போனது. பதினைந்தில் ஒன்பது தெப்பம் அழிந்தது. சகாயராணி வெள்ளை பிடித்ததையெல்லாம் அறுத்துக் கரையில் போட்டுவிட்டு, மீதித் தெப்பத்தின் நான்கு மூலையிலும் கல்லைக் கட்டி ஒரு முழம் கீழே இறக்கினாள். கீழே தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சி. ஆறு தெப்பம் பிழைத்தது. ஆடியில் அதிலிருந்தே பத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

மறுபடியும் அவள் கைக்குப் பெயர் வந்தது. வேறு ஊரில் பாசி போட்டவர்கள்கூட போன் பண்ணிக் கேட்டார்கள் என்று தையலம்மாள் பெருமையாகச் சொல்லுவாள். சகாயராணியின் நடையே வேறாக இருந்தது. ஐப்பசி வந்ததும் அவளுக்கு ஒரே கவலை. மழைக்காலத்தைத் தாண்டி விதையைக் காப்பாற்ற வேண்டும். பொங்கலுக்கு ஒரு தெப்பம் தண்ணீரில் கிடந்தால் போதும், மாசியில் பெருக்கிக்கொள்ளலாம். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை, புயல் புதுச்சேரிக்கு நேரே வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். கலைவேந்தன் போன் பண்ணினான். விதைப்பாசியை வெளியே எடுத்தால் இரண்டு நாள் தாங்கும், கடல் தண்ணீரில் நனைத்துக்கொண்டே நிழலில் வையுங்கள், புயல் சனிக்கிழமை கரையேறிவிடும், ஞாயிறு திரும்பக் கட்டிவிடலாம் என்றான். அவன் தெரிந்ததைச் சொன்னான். தப்பு சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் கடல் அதற்குள் எழும்பத் தொடங்கிவிட்டது. ஆறு பேரும் இறங்கி எட்டுத் தெப்பத்துப் பாசியை அறுத்துக் கரையேற்றினார்கள். கடைசி இரண்டு தெப்பத்தை நெருங்க முடியவில்லை. தையலம்மாள், பாதியையாவது கடலிலேயே விட்டுவைக்கலாமே, அங்கே பிறந்தது அங்கேயே இருக்கட்டுமே என்றாள். சகாயராணி கேட்கவில்லை. "கைக்குள்ள இருக்கறத எவடி அலைக்குக் கொடுப்பா?" என்றாள். கொழுந்தாகப் பொறுக்கி நான்கு சாக்கில் கட்டினார்கள். எட்டுக் குடம் கடல் தண்ணீரும் தூக்கி வந்தார்கள்.

தெருவில் அவள் வீடுதான் மேடு. என் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று நானும் அன்றே அங்கே வந்துவிட்டேன். சாக்குகளைக் கட்டிலில் அடுக்கி வைத்தாள். குளிர்காற்று அடிக்கிறதே என்று வைக்கோல் போட்டு மூடினாள். சரியக் கூடாதென்று மேலே இரண்டு கல் வைத்தாள். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. விதைச் சாக்கென்றால் அப்படித்தானே வைப்போம்.

புயல் சனிக்கிழமை கரையேறியது. ஏறியது நகரவில்லை. அப்படியே எங்கள் தலைக்கு மேலே நின்றுகொண்டு கொட்டியது. என் வயசில் அப்படி ஒரு மழை பார்க்கவில்லை. கரண்டு இல்லை, போன் இல்லை. ஞாயிறு காலையில் எட்டுக் குடமும் காலி. கடலுக்குப் போகிற பாதை இடுப்புக்கு மேலே தண்ணீர். அய்யனார் முதுகு வலியோடு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, போக முடியாது என்று திரும்பி வந்தான்.

சகாயராணி அடுப்படியிலிருந்து கல்லுப்பு ஜாடியை எடுத்து வந்து, மழைத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அத்த, நீயும் பாரேன். கடல் மாதிரி இருக்குதா?" என்று என்னிடம் நீட்டினாள். நான் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கடலும் கரிக்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. "அப்படித்தான்டி இருக்குது" என்றேன்.

அதைத் தெளித்தாள். பிறகு, பழக்கம் பாருங்கள், ஒரு சாக்கின் ஓரத்தைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். அப்படியே நின்றாள். முகம் தெளிந்தது.

"சூடு இருக்குது அத்த. உயிர் இருக்குது."

ஞாயிறு முழுக்க அந்தச் சூட்டை நம்பித்தான் அந்த வீடு இருந்தது. நான்கு சாக்கிலும் கை விட்டுப் பார்த்தாள், நான்கிலும் சூடு. அய்யனாரிடம் சொன்னாள், தண்ணீரில் நடந்து வந்த தையலம்மாளிடம் சொன்னாள். நான்கூட அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டது. ஆறு பேரும் வந்தார்கள், கடலுக்கு எடுத்துப் போகலாம் என்று. சாக்கைத் தூக்கினால் அடியிலிருந்து கொழகொழவென்று ஒழுகியது. அவிழ்த்தார்கள். வெந்த சோற்றைப் போல வெள்ளை. நாற்றத்தில் ஒருத்தி வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நான்கு சாக்கும் அப்படியே. சகாயராணி ஒவ்வொன்றாக அவிழ்த்து, அடிவரை கை விட்டுத் துழாவினாள். பழுப்பாக ஒரு துண்டு இருக்காதா என்று. இல்லை.

தையலம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் கை நெல்லுக்குத்தான்டி. நெல்லுக்குச் சூடுன்னா முளைப்பு. இதுக்குச் சூடுன்னா அழுகல். இதுகூடத் தெரியாமலா எங்கள எல்லாம் கடல்ல இறக்கின?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே வாய் அடைத்துவிட்டது. ஏனென்றால் அது அவளுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எங்கள் யாருக்குமே அதற்கு முன்னால் தெரியாது. சகாயராணி கையைக்கூடத் துடைக்கவில்லை.

அப்போது குமரவேல் தெருமுனையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். விட்டுவந்த இரண்டு தெப்பத்தில் ஒன்று உடைந்துபோனது, இன்னொன்று தூண்டில் வளைவுப் பாறையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, பாசி அதில் அப்படியே இருக்கிறது என்றான். ஆறு பேரும் ஓடினார்கள். நானும் மெதுவாகப் போனேன். உண்மைதான். மூங்கில் இரண்டு முறிந்திருந்தது, ஆனால் கயிறெல்லாம் இருந்தது. கயிற்றில் பழுப்பு நிறத்தில், விறைப்பாக, உயிரோடு பாசி. சகாயராணி தண்ணீரில் இறங்கி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்போதுதான் அழுதாள். தையலம்மாள் அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். "ஒரு தெப்பம் போதும்னுதானடி கேட்ட, கெடச்சிடுச்சு பாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பெண்ணையாறு வந்தது. மேலே மலைப்பக்கமெல்லாம் பெய்த மழை ஒன்றாகச் சேர்ந்து வந்தது. பாகூர் வயலெல்லாம் முழுகிப்போனது. ஆறு கடலில் விழுகிற இடம் எங்களுக்குத் தெற்கே. செம்மண் தண்ணீர் கடலை ஒட்டியே வடக்கே ஏறி வந்தது. புதன்கிழமை கரையில் நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டின மட்டும் டீ நிறத்தில் கடல். மாட்டுத் தீவனமும் வாழை மரமும் யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோ ஒன்றும் மிதந்து வந்தது. சகாயராணி ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். அப்படியே துப்பினாள். எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கடல் இனித்தது.

பாசிக்கு நல்ல தண்ணீர் விஷம். கல்லைக் கட்டிக் கீழே இறக்கிப் பார்த்தார்கள், கீழேயும் அதே தண்ணீர். அன்று சாயங்காலமே நுனி வெளுக்கத் தொடங்கியது. கரையேற்றினால் எங்கே வைப்பது? சாக்கில் வைக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

குமரவேல்தான் ஒரு வழி சொன்னான். உள்ளே போகப் போக உப்பு இருக்கும், படகில் கட்டி இழுத்துப்போய் உப்புத் தண்ணீரில் நங்கூரம் போட்டு விடலாம், ஒரு வாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடிந்ததும் இழுத்து வரலாம். கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தது. அதையும் மீறி வியாழக்கிழமை விடிந்ததும் படகை இறக்கினான். சகாயராணியும் தையலம்மாளும் ஏறினார்கள். இருவரும் அதற்கு முன் படகில் ஏறியதில்லை. அங்கே நடந்ததைத் தையலம்மாள்தான் எனக்குச் சொன்னாள்.

தெப்பத்தைப் பின்னால் கட்டி மெதுவாக இழுத்தார்கள். வேகமாகப் போனால் கயிறு பிய்ந்துவிடும். கொஞ்ச தூரம் போவது, என்ஜினை நிறுத்துவது, சகாயராணி கை அள்ளி நாக்கில் வைப்பது. கரை தென்னை மரமாகி, தென்னை மரம் கோடாகிவிட்டது.

"இப்ப பாருக்கா."

"இனிப்பு."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"இப்ப?"

"லேசா கரிக்குது. ஆனா பத்தாது."

"பத்தும் பத்தாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று தையலம்மாள் கேட்டாளாம். "வீட்டுல ஜாடி உப்பக் கரைச்சது தப்பாப் போச்சுல்ல, அதனால தெரியும்" என்றாளாம் சகாயராணி.

கடைசியில் ஒரு இடத்தில் தண்ணீர் நீலமாக மாறியது. அள்ளி வைத்தாள். நன்றாகக் கரித்தது. தையலம்மாளுக்குக் கையைத் தட்ட வேண்டும் போலிருந்ததாம். குமரவேல் மட்டும் நங்கூரக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடேன்பா" என்றாள் சகாயராணி.

"எங்கக்கா போடறது? இங்க பதினாறு பாகம் ஆழம், ஒரு பாகம்னா ஒரு ஆள் ரெண்டு கையும் விரிக்கிற நீளம். என்கிட்ட இருக்கறது எட்டு பாகம் கயிறு."

"கயிறு எடுத்துக்கினு வந்து போடலாமா?"

"போடலாம். போட்டா காலையில இது இங்க இருக்காது. நீரோட்டம் பாரு. இந்த மூங்கிலு ஒரு ராத்திரி தாங்காது."

"அப்ப எங்கதாம்பா வுடறது?"

குமரவேல் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தான். அதுவரைக்கும் எதற்கும் ஒரு கேலி வைத்திருந்தவன். உப்பு இருக்கிற இடத்தில் தரை இல்லை, தரை இருக்கிற இடத்தில் உப்பு இல்லை. மூன்று பேரும் அந்த நீலத் தண்ணீரில் படகிலிருந்தபடியே தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு மதியம் வரைக்கும் நின்றார்கள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அலை ஏறியதும் திரும்பினார்கள். சகாயராணி முன்னால் கரையைப் பார்க்காமல், திரும்பி உட்கார்ந்து தெப்பத்தையே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் வெள்ளை. தினம் காலையில் ஆறு பேரும் போய் நின்று பார்ப்பார்கள். களை எடுப்பது, அழுக்கு உருவுவது, கல்லைக் கட்டுவது என்று செய்ய ஒன்றும் இல்லை. வெறுமனே பார்ப்பது. கடைசித் துண்டு கயிற்றிலிருந்து கழன்று போனபோது அதைப் பிடிக்கக்கூட யாரும் இறங்கவில்லை.

கலைவேந்தன் பத்து நாள் கழித்து வந்தான். விதை திரும்பக் கேட்டால் கிடைக்குமா என்றாள் சகாயராணி. மண்டபத்திலும் வெயிலில் நிறையச் செத்துவிட்டது, இருக்கிற விதைக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர், சித்திரைக்கு மேல் பார்க்கலாம் என்றான். சித்திரையில் வந்தால் சூட்டில் நிற்காது என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டாள். அதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"தம்பி, மறைக்காம சொல்லு. நான் எடுக்காம எல்லாத்தையும் கடல்லயே வுட்டிருந்தா ஒரு கொழுந்தாவது மிஞ்சியிருக்குமா?"

அவன், "தெரியலக்கா" என்றான். "ஆத்துத் தண்ணி எல்லாத்தையும்தான் கொன்னிருக்கும். ஆனா எட்டுத் தெப்பம் இருந்திருந்தா... தெரியலக்கா."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். பாவம், சின்னப் பையன், பொய் சொல்ல வரவில்லை.

பொங்கல் வந்தது. குப்பத்தில் யாரும் அவசரப்படவில்லை, மாட்டுப் பொங்கல் கழித்து ஒரு வாரமும் விட்டார்கள். பிறகு குமரவேல் வந்து வாசலில் நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பஞ்சாயத்தில் தான் எவ்வளவோ பேசிப் பார்த்ததாகவும், புயலில் கரை இன்னும் உள்ளே வந்துவிட்டதால் படகு நிறுத்த அவர்களுக்கும் இடமில்லை என்றும் சொன்னான். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. படகு அவர்களுக்குச் சோறு. சகாயராணி, "எடுத்துக்குங்கப்பா, சொன்ன சொல்லுதான" என்று சொல்லிவிட்டு, மூங்கிலையும் வலையையும் பிரித்தெடுக்க மறுநாள் வருவதாகச் சொன்னாள்.

நானும் கூடப் போனேன். தூண்டில் வளைவுப் பாறைகளில் பச்சைப்பாசி வழவழவென்று வந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் வந்ததே, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. செத்ததோ செத்துப் பிழைத்ததோ, வித்து விட்டு மறுபடி மூடிக்கொண்டிருந்தது. பாறையில் மாட்டிக்கிடந்த எங்கள் பழைய கயிறு ஒன்றிலும் செம்பழுப்பாக ஏதோ முளைத்திருந்தது, யாரும் கட்டாமல் தானாக. சகாயராணி அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள். போனில் படம் எடுத்துக் கலைவேந்தனுக்கு அனுப்பச் சொன்னாள். அது இங்கத்திய பாசி, சூட்டையும் மழையையும் தாங்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் வளரும், நம் பாசி வாங்குகிற ஆட்கள் அதை வாங்கமாட்டார்கள் என்று பதில் வந்தது.

"தாங்கறத வாங்க ஆளில்ல" என்றாள். கயிற்றை அறுக்காமல் பாறையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் கடல் பக்கம் போகவில்லை. தையலம்மாளோடு பேச்சு இருக்கிறது, ஆனால் அந்த நான்கு சாக்கைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. போன ஆவணியில் எங்கள் தெருவில் ஒருவர் கையால் நடவு செய்ய ஆசைப்பட்டு விதைநெல் ஊறப்போட்டார். சாக்கு கட்ட இவளைக் கூப்பிட்டார். வந்தாள். கட்டினாள், வைக்கோல் மூடினாள். மறுநாள் சூடு பார்க்கச் சொன்னபோது, "நீங்களே கை விட்டுப் பாத்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நெல் நன்றாகத்தான் முளைத்தது.

இப்போது சகாயராணி வில்லியனூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி துவைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கு வேன் வரும், சாயங்காலம் ஏழு மணிக்கு இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள்.